எல்லாம் நாலணாதான்

சென்ட்ரலுக்கு ரயிலில் வந்து இறங்கிய எல்லோருக்கும் பேசின் பிரிட்ஜைத் தெரிந்திருக்கும். பெட்டியை எடுத்து வாசலருகே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கும்போது வண்டி நின்றுவிடும் இடம் அது. ‘சிக்னல் போடல’ என்று யாராவது சொல்வார்கள். வெளியே யார்டு, கழுவுவதற்கு வரிசையில் நிற்கும் ரயில் பெட்டிகள், கறுப்பாக ஒரு கால்வாய். உங்களுக்கு அது பத்து நிமிஷ எரிச்சல். எனக்கு அது ஊர். அப்பா அந்த யார்டில்தான் வேலை பார்த்தார். நான் அங்கேதான் வளர்ந்தேன். அங்கேதான் ஒரு பொய்யும் சொன்னேன். அது பொய்தானா என்பதை இத்தனை வருஷம் கழித்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2011 ஜூன் மாதம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 30-ஆம் தேதியிலிருந்து செல்லாது என்று அரசு அறிவித்திருந்தது. 29-ஆம் தேதிக்குள் வங்கியில் கொடுத்தால் முக மதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு ஆயா இருந்தார். சொந்தமில்லை, ஆனால் தெருவில் எல்லோருக்கும் ஆயாதான். பல வருஷம் வீட்டு வாசலில் இட்லி விற்றவர். இட்லி நாலணா விற்ற காலத்தில் சேர்ந்த காசை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

“நீதான் காசுப் பைத்தியமாச்சே கண்ணு. பேங்குல குடுத்து மாத்தினு வா. முந்நூத்தி நாப்பத்தி நாலு கீது. எண்ணிட்டேன்.”

எண்பத்தாறு ரூபாய். எண்ணிக்கையில் ஆயாவை யாரும் ஏமாற்ற முடியாது.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். காசுப் பைத்தியம் என்று அவர் சொன்னது உண்மை. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அமெரிக்க நாணய வேட்டைக்காரர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த காலம். அங்கே வங்கிக்குப் போய் ஐந்து சென்ட் காசுகளை, அதாவது நிக்கல்களை, ரோல் ரோலாக வாங்குவார்கள். வீட்டுக்கு எடுத்துவந்து ஒவ்வொன்றாக லென்ஸில் பார்ப்பார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப வங்கியில் கட்டிவிடுவார்கள். அவர்கள் தேடுவதில் முக்கியமானது ‘டபுள்டு டை’.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நாணயம் அடிப்பது அச்சு. நம் பட்டறைகளில் சொல்கிற மாதிரி ‘டை’. அந்த டையைச் செய்வதற்கு இன்னொரு அச்சு இருக்கிறது. அதில் உருவம் காசில் இருப்பதுபோலவே புடைத்திருக்கும். அதை எஃகுத் துண்டில் பெரும் விசையோடு அழுத்தினால் உருவம் குழிவாகப் பதியும். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் முழுதாகப் பதியாது. எஃகைச் சூடாக்கி இளக்கி, மறுபடி வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை வைக்கும்போது ஒரு மயிரிழை விலகிப்போனால் டையிலேயே உருவம் இரண்டாகப் பதிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த டை அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு இருக்கும். தேயும்வரை லட்சக்கணக்கில் அடிக்கும்.

இதில் பேர்போனது 1955-ஆம் வருஷத்து அமெரிக்க ஒரு சென்ட் காசு. பிலடெல்பியா நாணயசாலையில் ஒரு டை அப்படி ஆகிவிட்டது. கண்டுபிடிப்பதற்குள் அந்தக் காசுகள் மற்ற காசுகளோடு கலந்துவிட்டன. மொத்தத்தையும் உருக்குவதைவிட விட்டுவிடலாம் என்று விட்டுவிட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேல் வெளியே போனதாகச் சொல்வார்கள். அப்போது இயந்திரத்தில் விற்ற சிகரெட் பாக்கெட்டுகளின் கண்ணாடித் தாளுக்குள் சில்லறையாக இரண்டு சென்ட் வைத்திருப்பார்களாம். அந்தச் சில்லறையில்தான் பலருக்கு அந்தக் காசு கிடைத்தது. லென்ஸ்கூட வேண்டாம், ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கர்கள் நிக்கல் என்று அழைக்கும் காசில் முக்கால் பங்கு செம்பு. காந்தத்தில் ஒட்டாது. நம்முடைய பழைய நாலணாதான் சுத்த நிக்கல். 1957-ல் நயா பைசா வந்ததிலிருந்து எழுபதுகளின் தொடக்கம்வரை அடித்த 25 பைசாவைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் டக்கென்று ஒட்டும். அதற்குப் பிறகு வந்த செம்பு கலந்தது ஒட்டாது. 1988-ல் வந்த எவர்சில்வர் காசு மறுபடி ஒட்டும். எங்கள் பக்கத்துக் காயலான் கடைகளில் காந்தத்தை வைத்து உலோகம் பிரிப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயாவின் டப்பாவையும் அப்படித்தான் பிரித்தேன். காந்தம், பிறகு ஆண்டு, பிறகு லென்ஸ். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த லென்ஸ்.

இரண்டு ராத்திரி பார்த்தேன். இரண்டாம் ராத்திரி ஒரு நயா பைசாக் காலத்து நாலணாவில், சிங்கத்தின் வலது பக்கம் ஆங்கிலத்தில் இண்டியா என்று இருக்கும் இடத்தில், எழுத்துகளின் ஓரத்தில் இன்னொரு எழுத்து எட்டிப் பார்த்தது. கை நடுங்கியது. என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததாலேயே பெரிய தொகையாக இருந்தது.

அதை எடுத்துவைத்துக்கொண்டேன். என்னிடம் இருந்த சாதாரண நாலணா ஒன்றை டப்பாவில் போட்டேன். முந்நூற்று நாற்பத்து நாலு. கணக்கு சரி.

காலையில் ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தார். “ராவெல்லாம் லைட்டு எரிஞ்சிது. இன்னா கண்ணு, நல்ல காசு எதுனா கீதா?”

“எல்லாம் நாலணாதான் ஆயா.”

அவ்வளவுதான் சொன்னேன். வங்கியில் வரிசையில் நின்று எண்பத்தாறு ரூபாய் வாங்கிவந்து கொடுத்தேன். ஆயா அதில் ஆறு ரூபாயை டீ குடி என்று என்னிடமே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நான் சொன்னதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை. டப்பாவில் இருந்ததெல்லாம் நாலணாதான். என் கையில் இருந்ததும் நாலணாதான்.

அந்த வயசில் எனக்கு மூன்று சமாதானங்கள் இருந்தன. இன்றைக்கும் அவற்றை லேசாகத் தள்ளிவிட முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலாவது, உழைப்பு. படித்தது நான், கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்தது நான். நான் இல்லையென்றால் அந்தக் காசு வங்கிக்குப் போய் எங்கோ உருகியிருக்கும். இரண்டாவது, ஆயாவுக்கு நஷ்டமில்லை. அவர் எதிர்பார்த்த எண்பத்தாறு ரூபாயும் வந்துவிட்டது. மூன்றாவது, அரசாங்கமே இதைத்தானே செய்தது? சுத்த நிக்கல் நாலணா இரண்டரை கிராம். ஒரு கிலோவுக்கு நானூறு காசு, முக மதிப்பு நூறு ரூபாய். உள்ளே இருந்த உலோகத்தின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. சில்லறைக் காசை உருக்குவது குற்றம் என்று 1971-லேயே தனிச் சட்டம் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா? வங்கிக் கவுண்டரில் யாரும் ஆயாவிடம் ‘இதில் நிக்கல் இருக்கிறது பாட்டி’ என்று சொல்லவில்லை. நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

பிறகுதான் தெரிந்தது, இந்த வழக்கு ரொம்பப் பழசு என்று. கி.மு. 44-ல் சிசரோ எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊர் மக்களுக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு கிடைத்த விலைக்கு விற்கலாமா? பாபிலோனிய டயோஜெனிஸ் (பீப்பாயில் வாழ்ந்தவர் வேறு ஆள்), விற்கலாம் என்கிறார். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். மனிதர்களுடைய நன்மை உன் நன்மையும்தான், அவர்களிடமிருந்து எதை ஒளிக்கிறாய் என்று கேட்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. ஆனால் எதிராளிக்குத் தெரிந்தால் அவருக்கு நல்லது என்ற ஒன்றை, உன் லாபத்துக்காக அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் அது மறைப்பு.

சட்டம் டயோஜெனிஸ் பக்கம் சாய்ந்ததும் உண்டு. 1815-ல் நியூ ஆர்லியன்ஸில் ஆர்கன் என்ற வியாபாரிக்கு, பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம் ஆகிவிட்ட செய்தி ஊருக்கு முன்னால் கிடைத்தது. துறைமுகம் திறந்தால் புகையிலை விலை ஏறும். ஓடிப்போய்ப் புகையிலை வாங்கினார். விற்றவர் தரப்பு, விலையைப் பாதிக்கிற செய்தி ஏதாவது உண்டா என்று கேட்டதாக வழக்கில் இருக்கிறது. ஆர்கன் வாயைத் திறக்கவில்லை. 1817-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனக்குத் தெரிந்த வெளிச்செய்தியை விற்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை வாங்குபவருக்கு இல்லை என்றது. ஆனால் ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆர்கனாவது வாயை மூடிக்கொண்டு இருந்தார். நான் பதில் சொன்னேன். ஆயா கேட்டது ‘இந்தக் காசெல்லாம் எத்தனை பைசா’ என்றல்ல. அது அவருக்கே தெரியும். ‘நல்ல காசு கீதா’ என்று கேட்டார். வேறொரு கேள்விக்கான சரியான பதிலை எடுத்து இந்தக் கேள்விக்கு வைத்து மூடினேன். உண்மையை வைத்து அடித்த பொய் அது.

மற்ற சமாதானங்களும் அங்கிருந்து தளர ஆரம்பித்தன. உழைப்புக்குக் கூலி உண்டு, சரி. என் உழைப்பு கண்டுபிடித்ததில் இருந்தது. ஒளித்ததில் என்ன உழைப்பு இருக்கிறது? ‘ஆயா, ஒண்ணு மாட்டியிருக்கு, விலை போனா பாதி பாதி’ என்று சொல்லியிருந்தால் என் உழைப்பில் ஒரு துளியும் குறைந்திருக்காது. குறைந்திருக்கக்கூடியது பங்கு மட்டும்தான். ஆயாவுக்கு நஷ்டம் தெரியாது என்பதும் நஷ்டம் இல்லை என்பதும் ஒன்றா? அப்புறம் அரசாங்கம். அது செய்தது நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் எந்த ஆண்டுக் காசில் என்ன உலோகம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் சட்டைப் பையில் இருந்த காசைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்படியானால் தெரிந்ததையெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா? அப்படி நான் நினைக்கவில்லை. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. அங்கிருந்த கடைகளுக்கென்று பக்கத்தில் கட்டிய வளாகத்தில் நான் பழைய புத்தகம் வாங்கியிருக்கிறேன். முதல் பதிப்பு என்று தெரிந்தும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு இருபது ரூபாய்க்குப் பேரம் பேசியிருக்கிறேன். அதற்காக ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. புத்தகத்தின் விலையைக் கணிப்பதுதான் கடைக்காரர் தொழில். பத்துப் புத்தகத்தில் அவர் என்னை வெல்வார், பதினொன்றாவதில் நான். இரண்டு பேரும் தெரிந்தே உட்காரும் ஆட்டம் அது. அமெரிக்காவில் இதற்கு ‘செர்ரி பிக்கிங்’ என்று பெயர். நாணய வியாபாரியின் தட்டிலிருந்து அவர் கவனிக்காத டபுள்டு டையைச் சாதாரண விலைக்குப் பொறுக்குவது எப்படி என்று ‘செர்ரிபிக்கர்ஸ் கைடு’ என்ற பெயரிலேயே புத்தகம் இருக்கிறது. அதை வாங்குபவர்களில் வியாபாரிகளும் உண்டு.

ஆயா அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை. அவர் என்னிடம் விற்கவில்லை, ஒப்படைத்தார். எண்ணிக் கொடுத்தார், ஆனால் சந்தேகப்பட்டு எண்ணவில்லை, எனக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று எண்ணினார். கேள்வி கேட்டதும் என்னை நிபுணன் என்று நம்பி. டாக்டரிடம் கேட்பதுபோல. அப்படி ஒருவர் கேட்கும்போது நமக்குத் தெரிந்தது ‘நம்முடைய சாமர்த்தியம்’ என்ற இடத்திலிருந்து நகர்ந்துவிடுகிறது. காசு மட்டும் இல்லை, அந்த நேரத்துக்கு என் கண்ணும் அவருடையதாகத்தான் இருந்தது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி ஒரு வருணனை வரும். வாங்கும்போது மிகுதியாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், தங்களுடையதையும் பிறருடையதையும் ஒரே மாதிரி பார்ப்பார்கள். நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளும் வணிகத்துக்கு இதே அளவுகோலைத்தான் வைக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எடைக்கல்லைப் பற்றிய விஷயம் என்று நினைத்திருந்தேன். அந்த டப்பா என்னுடையதாக இருந்து, லென்ஸ் வேறொருவர் கையில் இருந்திருந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன்? இதற்குப் பதில் யோசிக்க எனக்கு அரை நொடிகூட ஆகாது.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த வருஷங்களில் நான் செய்தது ஒன்றுதான்: ஆயா வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தத்துவமெல்லாம் பேசமாட்டார்கள். ‘நாளைக்கு மூஞ்சில எப்டி முழிக்கிறது’ என்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வி எனக்கு அன்றாடம் நடக்கிற விஷயமாகிவிட்டது. இட்லிச் சட்டி இருந்த வாசலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

2018-ல் ஒரு நாணயக் கண்காட்சியில், வயதான வியாபாரி ஒருவரிடம் அந்தக் காசைக் காட்டினேன். லென்ஸைக் கண்ணில் வைத்து, காசை வெளிச்சத்தில் சாய்த்து, ஐந்து நொடி பார்த்தார்.

“மெஷின் டபுளிங் தம்பி.”

விளக்கினார். இது டையில் இருந்த கோளாறு இல்லை. டை சரியாகத்தான் இருந்திருக்கிறது. இயந்திரத்தில் கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்திருந்ததால், காசை அடித்த அந்தக் கணத்தில் துள்ளி எழுத்தின் ஓரத்தை நசுக்கியிருக்கிறது. உண்மையான டபுள்டு டையில் இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு புடைத்திருக்கும், எழுத்தின் முனைகள் பிளந்து தெரியும். இதில் ஓரம் தட்டையாக, படிக்கட்டு மாதிரி இருக்கிறது பாருங்கள் என்றார். எழுத்தே கொஞ்சம் ஒல்லியாகியிருக்கிறது, பாருங்கள் என்றார். பார்த்தேன். இருந்தது. ஏழு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே காசு.

“அப்ப விலை?”

“இப்ப செல்லாது. செல்லுற காலத்துல நாலணா.”

எனக்கு வந்த முதல் உணர்ச்சி ஏமாற்றம் இல்லை. நிம்மதி. அப்படியானால் நான் ஆயாவிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, நாலணாவுக்கு நாலணா வைத்துவிட்டேன், நான் சொன்ன வாக்கியம்கூட முழு உண்மையாகிவிட்டது. சென்ட்ரல் வரை நடந்து வருவதற்குள் அந்த நிம்மதி கசக்க ஆரம்பித்தது. காசு உண்மையானதாக இருந்தால் நான் திருடன், போலியானதாக இருந்தால் நல்லவன் என்று ஆகுமா? 2011-ல் அந்தக் காலையில் நான் செய்ததை 2018-ல் ஒரு வியாபாரியின் லென்ஸ் எப்படி மாற்ற முடியும்? ஆயாவிடம் வாயைத் திறந்தபோது அது விலை போகும் என்று நம்பித்தான் திறந்தேன். எடுக்கப்பட்டது வெறும் நாலணா என்பது என்னுடைய நல்ல குணம் இல்லை, என்னுடைய அறியாமை.

அன்றைக்கு வேறொரு கேள்வியும் கூடவே வந்தது. என் தப்பு எந்த வகை? அடித்த நேரத்தில் ஒருமுறை துள்ளியதா, டையிலேயே இருக்கிறதா? ஒரே ஒரு காசை வைத்து அதைச் சட்டென்று சொல்ல முடியாது. அதே டை அடித்த இன்னும் நாலு காசு வேண்டும். ஆபீஸில் யாரோ செய்த வேலைக்கு என்னைப் பாராட்டியபோது ‘டீமா பண்ணோம்’ என்று சொன்னேனே, அதுவும் வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். வீட்டில் கேட்டபோது ‘இப்பதான் போனைப் பாத்தேன்’ என்றேனே. அடுக்கி வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே ஓரம் தெரிந்தது.

அந்த வாரமே ஆயாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். காசைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் அவ்வளவாகத் தெரியாது. சிரித்தார். “இதுக்கா ஏழு வருசம் மூஞ்ச திருப்பிக்கினு போன? நான் உங்க அம்மாவாண்ட எதுனா சண்டையோன்னு நென்ச்சேன்.”

நானும் சிரித்தேன். எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் கேட்டார். கோபமில்லை, குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கண்ணு, இது வெல போயிருந்தா வந்து சொல்லியிருப்பியா?”

எனக்குப் பதில் இல்லை. ‘ஆமா ஆயா’ என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் இன்னொரு தடவை நாக்கு நுனியில் வந்த சுலபமான வாக்கியத்தைச் சொல்ல மனசு வரவில்லை. “தெரில ஆயா” என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் முழு உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டுக் காசை என்னிடமே கொடுத்தார்.

நான் இன்னும் தேடுகிறேன். பைத்தியம் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து தங்கசாலை தொலைவில்லை, நாங்கள் மின்ட் என்றுதான் சொல்வோம். 1869-ல் மூடப்படும்வரை அங்கே நாணயம் அடித்தார்கள். இப்போது பேர் மட்டும் இருக்கிறது. 1807 வாக்கில் மெட்ராஸ் நாணயசாலையில் ஸ்பானிய வெள்ளி டாலர்களின் மேலேயே அரைப் பகோடா அச்சை அடித்தார்கள். சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும். சேகரிப்பவர்கள் அப்படித் தெரிகிற காசைத்தான் விரும்பித் தேடுகிறார்கள்.

வாட்ஸ்அப் வந்த பிறகு தெருவில் பலர் என்னைத் தேடி வருகிறார்கள். வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் லட்சக்கணக்கில் போகுமாமே, அந்த டிராக்டர் நோட்டு எவ்வளவு போகும் என்று. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. ஆனாலும் வருகிறார்கள். நான் லென்ஸை அவர்கள் கையில் கொடுக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும், உருண்டையாக இருந்தால் என்ன, தட்டையாக இருந்தால் என்ன என்று சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் அவர்கள் பார்ப்பார்கள், பிறகு நான். ஏதாவது இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. இதுவரை பெரிதாக எதுவும் இல்லை.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பாட்டியின் சுருக்குப் பையைக் கொண்டுவந்தான். அறுபது எழுபது காசு. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ராத்திரி பத்து மணிவரை பார்த்தோம்.

“இன்னாண்ணா, எதுனா கீதா?”

“எல்லாம் நாலணாதான்டா. நீயும் பாத்த இல்ல?”

“பாத்தேன்” என்றான்.